எழுத்தில்லாத மெஷினும் எட்டு வயதுக் காலும்

செயற்கைக் கால் செய்து கொடுக்கும் அந்த நிறுவனத்தில் கால் செய்வது பெரிய வேலையில்லை. காலின் அளவு கைக்கு வந்து சேருவதுதான் பெரிய வேலை. வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் சிரிப்பதில்லை, சிரிப்பதற்கான படிவம் இன்னும் அச்சாகி வரவில்லை.

தரைத்தளத்தில் பட்டறை. அங்கே இருபத்திரண்டு வருஷமாகக் கால் செய்துகொண்டிருந்தவரை எல்லோரும் கால்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் மாடியில் அளவுப் பிரிவு. ஒரு அம்மாள் கையில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு, வருகிறவர்களை நிற்கவைத்துச் சுற்றிச் சுற்றி வந்து அளவெடுப்பார். இரண்டாவது மாடியில் இயக்குநர். மூன்றாவது மாடியில் கணினிப் பிரிவு. நிறுவனத்தில் யார் பெரியவர் என்று தெரிந்துகொள்ள மாடியை எண்ணினால் போதும்.

எடுத்த அளவு நேராகக் கால்காரரிடம் வராது. பொதுப் பகிர்வு அலமாரிக்குப் போகும். பெயரைக் கேட்டு, மரத்தில் செய்த சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது மாடியில் பூட்டிய அறைக்குள் ஏசி காற்றில் சுகமாக உட்கார்ந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர்தான் அது. மற்ற எல்லோருடைய மேசைக் கம்ப்யூட்டரிலும் அது ‘இசட்’ என்ற ஒற்றை எழுத்தாகத் தெரியும். அளவு ஃபைல் இசட்டில். லீவு விண்ணப்பம் இசட்டில். தீ பிடித்தால் எந்த வழியாக ஓடவேண்டும் என்ற வரைபடமும் இசட்டில். இசட்டில் இருப்பது உண்மை, இல்லாதது பொய் என்பது அங்கே எழுதாத சட்டமாக இருந்தது. பிறகு அதையும் எழுதி இசட்டில் வைத்துவிட்டார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, பட்டறையில் இருந்த பழைய செதுக்கும் மெஷின் ஒரு திங்கட்கிழமை காலையில் புகைவிட்டு உயிரை விட்டது. கொள்முதல் பிரிவு புது மெஷின் வாங்கிப் போட்டது. நல்ல மெஷின்தான். அளவு ஃபைலைக் கொடுத்தால் காலுக்கான அச்சை அரை மணி நேரத்தில் செதுக்கித் தள்ளிவிடும். ஒரே ஒரு விஷயம், அதை ஓட்டுகிற கம்ப்யூட்டரின் இயங்குதளம் வேறு. நிறுவனம் முழுக்க ஒரு சிஸ்டம், இது மட்டும் இன்னொரு சிஸ்டம். கொள்முதல் பிரிவு கணினிப் பிரிவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டும் ஒரே மாடியில் இருந்தன, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தன. ஆனால் நேருக்கு நேர் பேசுவது முறையான தகவல் தொடர்பு ஆகாது என்று இசட்டில் இருந்தது.

கால்காரர் புது மெஷினைப் போட்டார். இசட்டைத் தேடினார். இசட் இல்லை. அங்கே இங்கே தட்டிப் பார்த்ததில், ‘நீங்கள் யார்?’ என்று ஒரு கட்டம் வந்து கேட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் பெண் வந்தாள். எட்டு வயது. வாயாடி என்று அவள் அம்மா கூப்பிட்டாள், அது பொருத்தமாகவும் இருந்தது. வலது கால் முட்டிக்கு மேலே வரைதான். மீதிக்குப் பழைய செயற்கைக் கால் ஒன்று போட்டிருந்தாள். அது அவள் ஆறு வயதில் செய்தது. அவள் வளர்ந்துவிட்டாள், கால் வளரவில்லை. அதனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். அம்மா துணிக்கடையில் நின்றுகொண்டே விற்கிற வேலை பார்ப்பவள். அரை நாள் லீவு கேட்டு வந்து, முதல் மாடியில் மகளுக்கு அளவெடுத்து முடித்துவிட்டுப் பட்டறைக்கு இறங்கி வந்திருந்தாள்.

“டாக்டர் மூணு மாசம் டைம் குடுத்திருக்கார் அண்ணா. அதுக்குள்ள புதுக் கால் மாத்தலைன்னா முதுகெலும்பு வளைய ஆரம்பிச்சிடுமாம். அப்புறம் கால் போட்டாலும் நேரா நிக்க முடியாதாம்.”

“மூணு மாசம் எதுக்கும்மா? அளவு வந்துட்டா நாலே நாள்” என்றார் கால்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ‘வந்துட்டா’ என்ற சொல்லின் கனம் அவருக்கு அப்போது தெரியாது, அவ்வளவுதான்.

வாயாடி மெஷினைச் சுற்றி வந்தாள். அதன் பக்கத்தில் ஆபத்து நேரத்தில் அழுத்துகிற சிவப்பு பட்டன் இருந்தது. அவள் மூக்குக்கு நேராக இருந்தது அது.

“மாமா, இதை அழுத்தினா என்ன ஆகும்?”

“எல்லாம் நின்னுடும்.”

“இப்பவே எல்லாம் நின்னுதானே இருக்கு?”

மறுநாள் காலையில் கால்காரர் மூன்றாவது மாடிக்கு ஏறினார்.

கணினிப் பிரிவுத் தலைவர் மரியாதை தெரிந்த மனிதர். உட்காரச் சொன்னார்.

“கோரிக்கை போட்டீங்களா?”

“எதுல சார் போடணும்?”

“இசட்ல படிவம் இருக்கே.”

“இசட்தான் சார் எனக்கு வரமாட்டேங்குது.”

“அதுக்குத்தான் சார் அந்தப் படிவமே” என்றார் தலைவர் பொறுமையாக.

படிவத்தைப் பக்கத்து மேசையில் அச்சடித்து வாங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. தலைவர் அதற்குள் ஒரு சின்னப் பிரசங்கமும் செய்துவிட்டார். “இது பொது அலமாரி. பொதுன்னா எல்லாருக்கும் சொந்தம். எல்லாருக்கும் சொந்தமானதை எல்லாரும் திறந்துட்டா, அப்புறம் அதுக்கு என்ன மரியாதை இருக்கு? நான் யாரையும் உள்ள விடக்கூடாதுன்னு நினைக்கல. உள்ள இருக்கறது பத்திரமா இருக்கணும்னு நினைக்கிறேன். இதுவரைக்கும் ஒரு ஃபைல் தொலைஞ்சதில்ல. ஏன்னா ஒரு ஃபைலும் வெளிய போனதில்ல.”

கால்காரர் தலையாட்டிக்கொண்டே இறங்கினார். இரண்டாவது மாடி வரை அது நியாயமாகத்தான் பட்டது.

படிவத்தில் பத்தொன்பது கேள்விகள். பதினெட்டை நிரப்பிவிட்டார். ஏழாவது கேள்வியில் மாட்டிக்கொண்டார். ‘பயனரின் இயந்திரத்தில் அலமாரி எந்த எழுத்தாகத் தெரியும்?’ மெஷின் விற்றவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டதில், அந்த சிஸ்டத்தில் எழுத்தெல்லாம் கிடையாது, அலமாரி ஒரு ஃபோல்டராக வந்து உட்காரும் என்றார்கள். ‘எழுத்து இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. மறுபடி படியேறினார்.

“எழுத்து இல்லன்னா என்ன சார் அர்த்தம்?” என்றார் தலைவர். “இந்த நிறுவனத்துல நூத்தி எண்பது மெஷின் இருக்கு. எல்லாத்துக்கும் எழுத்து இருக்கு. உங்களுக்கு மட்டும் ஏன் இல்ல?”

“அந்த மெஷின் வழக்கமே அப்படியாம் சார். நான் என்ன பண்ணட்டும்?”

“அது மட்டுமா? ஃபோல்டர் முகவரி எழுதறப்ப நடுவுல போடற கோடு எங்க மெஷின்ல இந்தப் பக்கம் சாயும்.” விரலால் காற்றில் இழுத்துக் காட்டினார். “உங்களோடது அந்தப் பக்கம் சாயுது. எந்தப் பக்கம் சாயுதுன்னே தெரியாத ஒண்ண நான் எப்படி நம்பறது?”

“சார், ஒரு சின்னப் பொண்ணு சார். மூணு மாசம்தான் டைம். அந்த ஒரு ஃபைலை மட்டும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடுங்களேன்.”

அறையில் எல்லோரும் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்கள். தலைவர் எழுந்துபோய் ஒரு கம்ப்யூட்டரைத் திருப்பி அதன் முதுகைக் காட்டினார். பென்டிரைவ் செருகும் துளைகளில் பசையை ஊற்றி அடைத்திருந்தார்கள். நூற்றி எண்பது மெஷினுக்கும் தன் கையாலேயே ஊற்றியதாகச் சொன்னார். அவர் குரலில் பெருமை இருந்தது. மெயிலில் அனுப்பலாமே என்றால், மெயிலில் ஒரு போட்டோவுக்குமேல் போகாது, கால் அளவு ஃபைல் நானூறு போட்டோ கனம்.

“ஆனா நாங்க மனுஷங்கதான்” என்றார் தலைவர். “விதிப்படி பேப்பர்ல குடுக்கலாம். உங்களுக்காக அச்சடிச்சே தரச் சொல்றேன்.”

கால்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் லிஃப்ட் திறந்தது. ஒரு ஆள் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியில் பதினான்கு கட்டுப் பேப்பர். ஸ்கேனர் எடுத்த அளவு என்பது லட்சக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள். அத்தனையையும் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டவரை நினைத்துக் கால்காரருக்குப் பாவமாக இருந்தது. முதல் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு எண்களைத் தட்ட ஆரம்பித்தார். சாயங்காலம் வரை தட்டியதில் மெஷின் திரையில் கடுகளவு ஒரு மேடு தெரிந்தது. அது தொடையா, முட்டியா, அச்சுப்பிழையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்கு வீட்டில் மனைவி கேட்டாள், “ஏங்க, டேப்பை எடுத்து நீங்களே அளந்து பண்ணிட வேண்டியதுதானே?”

அதையும் செய்து பார்த்தார். அடுத்த முறை வாயாடி வந்தபோது கதவைச் சாத்திவிட்டு டேப்பால் அளந்தார். ஆனால் மெஷினுக்கு ஃபைல் வேண்டும், டேப் புரியாது. கையாலேயே அச்சு செய்யலாம் என்று ஸ்டோரில் பிளாஸ்டிக் தகடு கேட்டார். ஸ்டோர்காரர் இசட்டில் அளவு ஃபைல் எண்ணைக் கேட்டார், பிறகு, “தகடு எந்த மெஷினுக்குப் போகுதோ அந்த மெஷினோட எண்ணும் வரணும்” என்றார். மெஷின் எண் எழுத்தில் தொடங்கவேண்டும். எழுத்து இல்லை.

“என்ன மாமா, கால் ரெடியா?” என்றாள் அதற்கடுத்த முறை வந்த வாயாடி. சிவப்பு பட்டன் இப்போது அவள் மூக்குக்குக் கீழே இருந்தது.

“ஆயிட்டே இருக்கு கண்ணு.”

“போன தடவையும் இதான் சொன்னீங்க.”

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். கால்காரருக்கு மானம் போயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் தலையைக் குனிந்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது மாதம் முடிகிற சமயத்தில் எழுத்துப் பிரச்சினைக்கு ஒரு குழு போட்டார்கள். ஐந்து பேர் குழு நாலு தடவை கூடியது. கடைசியில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட தீர்வு ஒன்று வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பேர் ஏணியோடு பட்டறைக்கு வந்தார்கள். ஒருவர் அளவுகோலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மெஷினின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். முழ உயரத்துக்கு ‘இசட்’ என்ற எழுத்து.

“இப்ப உங்க மெஷினுக்கு எழுத்து வந்தாச்சு” என்றார் ஒட்டியவர். படிவத்தின் ஏழாவது கேள்விக்கும் விடை வந்துவிட்டது. கால்காரர் சிரிக்கவா அழவா என்று யோசித்தார். முடிவு செய்வதற்குள் கையெழுத்துப் போடச் சொல்லி ரசீதை நீட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஆறு வாரத்தில் அனுமதி வந்தது. அனுமதி என்றால் முழுசாக இல்லை. அலமாரிக்குள் அவர் பெயர் ‘விருந்தாளி’. அலமாரி திறந்ததைப் பார்த்ததும் கால்காரருக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை ஃபோல்டர்! அளவுப் பிரிவு ஃபோல்டர் எங்கே என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து தேடினார். லீவுப் பட்டியல், கூட்ட அறிக்கை, கூட்டம் நடத்துவது பற்றிய கூட்டத்தின் அறிக்கை என்று போய்க்கொண்டே இருந்தது. ஒருவழியாக வாயாடியின் ஃபைல் கண்ணில் பட்டது. தொட்டார். ‘விருந்தாளிகளுக்கு இது இல்லை’ என்றது.

மறுநாள் மூன்றாவது மாடியிலிருந்து அவசர அழைப்பு. அறையில் ஒரு நீள மேசை. நாலு பேர் இறுகிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

“உங்க மெஷின் எங்க அலமாரியில என்ன பண்ணியிருக்குன்னு தெரியுமா?”

விஷயம் இதுதான். அந்த சிஸ்டத்துக்கு ஒரு வழக்கம். போகிற ஃபோல்டரில் எல்லாம் தன் சௌகரியத்துக்காக ஒரு குட்டி ஃபைலை விட்டுவிட்டு வரும். அதில் ஒன்றும் இருக்காது, யாருக்கும் தொந்தரவும் இல்லை. அதன் சொந்த சிஸ்டத்தில் அது கண்ணுக்கும் தெரியாது. ஆனால் நூற்றி எண்பது மெஷின்களில் அது பளிச்சென்று தெரிந்தது.

“எச்சம்” என்றார் தலைவர். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மூக்கைச் சுளித்தார். “இருநூத்தி பன்னெண்டு இடத்துல எச்சம். இயக்குநரோட ஃபோல்டர்லயே ஒண்ணு. இருபது வருஷமா நான் இதைக் கோயில் மாதிரி வெச்சிருந்தேன் சார்.” அவர் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

“மன்னிச்சுக்குங்க சார். இப்பவே அழிச்சிடறேன்.”

“நீங்கதான் அழிக்கணும். யாரோட மெஷின் போட்டுச்சோ அவங்களேதான் எடுக்கணும், அது விதி. ஆனா நேத்து ராவே உங்க எழுதற அனுமதியைப் பிடுங்கிட்டோம். எழுத முடியாதவங்க அழிக்கவும் முடியாது.”

“அப்ப அனுமதியைத் திருப்பிக் குடுங்க சார்.”

“எச்சம் எதுவும் பாக்கி இல்லைன்னு சான்றிதழ் கொண்டு வாங்க, குடுக்கறோம்.”

கால்காரர் அந்த நாலு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவராவது சிரித்துவிடுவார் என்று நம்பினார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் இதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சிக்கல் எட்டு வாரம் ஓடியது. இதற்கிடையில் அம்மாவும் மகளும் இரண்டு தடவை வந்துபோனார்கள். துணிக்கடையில் இனிமேல் லீவு கேட்டால் மொத்தமாக லீவு கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொன்னாராம். அளவுக்காரம்மா மட்டும் மனசு கேட்காமல் ஒரு நாள் பட்டறைக்கு இறங்கி வந்தார். “நான் வேணும்னா இன்னொரு தடவை அளவெடுக்கறேன், ஆனா அதுவும் அங்கதானே போய் உட்காரும்? ஸ்கேனருக்கு வேற இடமே தெரியாதே” என்று கையைப் பிசைந்துவிட்டுப் போனார்.

கடைசியில் தலைவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அழிக்க முடியாத பொருள் எதுவானாலும் அது நிறுவனத்தின் சொத்து என்று ஒரு பழைய சுற்றறிக்கை இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு எச்சங்களுக்கும் சொத்து எண் கொடுக்கப்பட்டது. கால்காரர் அவற்றின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். மாதம் ஒருமுறை எண்ணிப் பார்த்து, ஒன்றும் குறையவில்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும். எச்சம் சொத்தாகிவிட்டதால் எச்சம் பாக்கி இல்லை. சான்றிதழ் கிடைத்தது, விருந்தாளி என்ற பெயரும் போய் முழு அனுமதி வந்தது. எட்டாவது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பத்தே முக்கால் மணிக்கு, வாயாடியின் ஃபைல் திறந்தது.

கால்காரர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மெஷின் அச்சைச் செதுக்கியது. தகட்டைச் சூடுபண்ணி இழுத்து, முட்டி வைத்து, பாதம் வைத்து, ஒவ்வொரு விளிம்பையும் விரலால் தடவித் தேய்த்து, நாலே நாளில் முடித்தார். சொன்ன சொல் காப்பாற்றிவிட்டோம் என்று ஒரு அற்ப சந்தோஷம் அவருக்கு.

வெள்ளிக்கிழமை வாயாடி வந்தாள். சிவப்பு பட்டன் அவள் உதட்டுக்கு நேராக இருந்தது. கால்காரர் காலை மாட்டினார். உள்ளே இறுகியது, கொஞ்சம் சுரண்டினார், ஏறியது. நிற்கச் சொன்னார்.

அவள் சாய்ந்து நின்றாள். பழைய காலில் எப்படிச் சாய்ந்தாளோ அதில் பாதியாவது சாய்ந்தாள். புதுக் கால் இரண்டு விரற்கடை குட்டை. முட்டியும் இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே இருந்தது. முட்டியும் பாதமும் வார்ப்போடு இறுகிவிட்ட கால். சுரண்டி எடுக்கலாம், நீட்ட முடியாது. பாதத்துக்கு அடியில் ரப்பர் ஒட்டிப் பார்த்தார், நாலடி நடந்ததும் தடுக்கி விழப்போனாள். ரப்பரைப் பிய்த்துப் போட்டார்.

“மாமா, இது போன வருஷத்து என்னோட காலா?” என்றாள் வாயாடி. அவள் கிண்டலாகக் கேட்கவில்லை.

கால்காரர் அந்தக் கையோடு இரண்டாவது மாடிக்கு ஓடினார். இயக்குநர் அவரைக் கண்டதும் எழுந்துவந்து கைகுலுக்கினார். மேசையில் அழைப்பிதழ்கள் அடுக்கியிருந்தன. ‘மாற்று இயங்குதள ஒருங்கிணைப்பு விழா’, திங்கட்கிழமை, பயனாளிக்குக் கால் வழங்குதல்.

“சார், கால் பொருந்தல சார். மறுபடி அளவெடுத்துச் செய்யணும்.”

“ஃபைல்ல இருக்கற அளவுக்குக் கால் சரியா இருக்கா?”

“மயிரிழை பிசகாம இருக்கு சார்.”

“அப்ப நம்ம பக்கம் தப்பு இல்ல” என்றார் இயக்குநர் நிம்மதியாக. “பொண்ணு ஃபைலை மீறி வளர்ந்திருக்கு. அதுக்கு நாம என்ன பண்ண முடியும் சொல்லுங்க? திங்கட்கிழமை விழா. மேலிடத்துல இருந்து ஆள் வர்றாங்க. விழா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.”

‘அப்புறம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கால்காரர் இறங்கி வந்தார். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

திங்கட்கிழமை கூடத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மெஷினையே பெயர்த்துக் கொண்டுவந்து மேடையோரம் வைத்திருந்தார்கள், நெற்றியில் எழுத்தோடு. இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். “எட்டே மாசத்துல ஒரு அந்நிய மெஷினை நம்ம அலமாரிக்குள்ள கொண்டுவந்திருக்கோம். வேற எந்த நிறுவனத்துக்கும் இதுக்கு இத்தனை மாசம் ஆகியிருக்காது, ஏன்னா அவங்க யாரும் இவ்வளவு ஆழமா யோசிச்சிருக்க மாட்டாங்க. இன்னைக்கு நம்ம நிறுவனம் சொந்தக் கால்ல நிக்குது!” என்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. வாயாடியை மேடையேற்றினார்கள். நடுவில் நிறுத்தி, இருபக்கமும் இயக்குநரும் கணினித் தலைவரும் நின்றார்கள்.

“நேரா நில்லும்மா” என்றார் இயக்குநர், சிரித்த முகம் மாறாமல்.

“நேராத்தான் நிக்கறேன். கால்தான் குட்டை.”

மைக் அவள் வாயருகில் இல்லை. படம் எடுத்தார்கள்.

படத்தைப் பார்த்த கணினித் தலைவருக்கு மனசு ஒப்பவில்லை. எல்லோரும் கம்பீரமாக நிற்க, நடுவில் பெண் மட்டும் சாய்ந்திருந்தாள். அறிக்கையில் இது போனால் நன்றாகவா இருக்கும்? தன் பிரிவு ஆளைக் கூப்பிட்டு, “இதைக் கொஞ்சம் நேர் பண்ணு” என்றார். அந்த ஆள் படத்தை மெல்ல மெல்லத் திருப்பினார், பெண் நேராகும்வரை திருப்பினார். வாயாடி கம்பம் நட்டதுபோல் நின்றாள். இயக்குநர், தலைவர், மெஷின், மேசை, பின்னால் இருந்த கதவு, சுவர்க் கடிகாரம் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயின. இயக்குநரிடம் காட்டினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “இப்ப சரியா இருக்கு” என்றார். படம் இசட்டில் ஏறியது.

விழா முடிந்த மறுநாளே கால்காரர் விண்ணப்பம் எழுதினார். கால் குட்டையாக இருப்பது, பெண் சாய்ந்து நடப்பது, புதிதாக அளவெடுக்க வேண்டியது எல்லாவற்றையும் எழுதினார். அம்மா முந்தின வாரம் டாக்டரிடம் போய் எடுத்த எக்ஸ்ரேயையும் கூடவே வைத்தார். முதுகெலும்பு கீழே ஒரு இடத்தில் லேசாக வளைந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை, கால்காரருக்கே தெரிந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் கையால் செய்யாத தப்புக்குத் தன் கையையே வெட்டிப் போட்டுவிடலாம் போல் இருந்தது.

பதில் இவ்வளவு சீக்கிரம் வந்ததே கிடையாது. பத்தாம் நாள் இசட்டில் வந்தது. அம்மாவும் மகளும் அப்போது பட்டறையில்தான் இருந்தார்கள். மெஷின் எந்த முரண்டும் பிடிக்கவில்லை. யார் என்று கேட்கவில்லை, விருந்தாளி என்று தள்ளவில்லை. தொட்டதும் திறந்தது.

‘பார்வையில் காணும் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. அதனுடன் வைக்கப்பட்ட எக்ஸ்ரே பொது அலமாரியில் இல்லாததால் கணக்கில் கொள்ள இயலவில்லை. அலமாரியில் உள்ள விழாப் புகைப்படத்தில் பயனாளி நேராக நிற்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. எனவே மறு அளவு தேவையில்லை என முடிவு செய்யப்பட்டு, இந்தக் கோப்பு நிறைவு பெற்றதாக முடிக்கப்படுகிறது.’

கீழே அந்தப் படமும் இணைத்திருந்தது.

கால்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு திரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன போட்டிருக்காங்க அண்ணா?” என்றாள் அம்மா. “எப்ப அளவெடுக்க வரச் சொல்றாங்க?”

“பொண்ணு நேரா நிக்குதுன்னு போட்டிருக்காங்கம்மா.”

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. திரும்பி மகளைப் பார்த்தாள். வாயாடி கதவு நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சாய்ந்து நின்றிருந்தாள்.